பிறழ்வு தற்செயல் என்றால் பரிணாமத்தை முன்கூட்டிக் கணிப்பது எப்படி?

பரிணாமம் பற்றிய செய்திகளில் இரண்டு கூற்றுகள் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, மரபணுப் பிறழ்வுகள் தற்செயலாக நடக்கின்றன என்பது. மற்றொன்று, ஒரு கிருமி எந்த வழியில் மருந்துக்கு எதிர்ப்பு பெறும் என்பதை ஆய்வாளர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் என்பது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குக் கேள்வி எழத்தான் செய்யும். தற்செயலாக நடப்பதை எப்படி முன்கூட்டிச் சொல்ல முடியும்? ஒன்று உண்மையென்றால் மற்றது பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?

இரண்டும் உண்மைதான். குழப்பம் 'தற்செயல்' என்ற சொல்லில் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டால், கடந்த கால் நூற்றாண்டில் பரிணாம உயிரியலில் நடந்திருக்கும் ஒரு முக்கியமான திருத்தம் விளங்கிவிடும்.

முதலில் நான்கு சொற்கள்

1. பிறழ்வு: டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. அதை நகலெடுக்கும்போது நேரும் தவறும், சரிசெய்யப்படாமல் போன சேதமும் வரிசையில் நிரந்தர மாற்றமாகத் தங்கிவிடலாம். அதுதான் பிறழ்வு. பாடப்புத்தகங்களில் சடுதிமாற்றம் என்று இருக்கும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய பிறழ்வுகள் இருக்கின்றன.

2. இயற்கைத் தேர்வு: ஒரு பிறழ்வு, அதைச் சுமக்கும் உயிரி அதிக வாரிசுகளை விட்டுச்செல்ல உதவினால், தலைமுறைக்குத் தலைமுறை அது பெருகும். கெடுதல் செய்தால் மறையும்.

3. நிலைபெறுதல்: ஒரே ஓர் உயிரியிடம் தோன்றிய பிறழ்வு, காலப்போக்கில் அந்தக் கூட்டம் முழுவதிலும் பரவிவிடுவது.

4. பிறழ்வுச் சாய்வு: எல்லாப் பிறழ்வுகளும் ஒரே வேகத்தில் தோன்றுவதில்லை. சில வகைகள் அடிக்கடி வரும், சில அரிதாக வரும். இந்த ஏற்றத்தாழ்வைத்தான் இந்தக் கட்டுரையில் சாய்வு என்கிறோம்.

'தற்செயல்' என்ற சொல்லின் இரண்டு பொருள்கள்

1943-இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்புரூக்கும் செய்த சோதனையிலிருந்து தொடங்கலாம். பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸை எதிர்க்கும் பிறழ்வுகள், வைரஸைச் சந்தித்த பிறகு தோன்றுகின்றனவா, அதற்கு முன்பே தோன்றிவிடுகின்றனவா என்பது கேள்வி. தனித்தனிக் குடுவைகளில் பாக்டீரியாவை வளர்த்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எதிர்ப்பு பெற்றவை என்று எண்ணினார்கள். குடுவைக்குக் குடுவை எண்ணிக்கை பெரிதும் மாறுபட்டது. பலவற்றில் ஒன்றுமில்லை, சிலவற்றில் ஏராளம். வைரஸைப் பார்த்த பிறகுதான் பிறழ்வு தோன்றுகிறது என்றால் இவ்வளவு வித்தியாசம் வராது. முன்பே, வெவ்வேறு நேரங்களில் தோன்றியிருந்தால்தான் வரும். சீக்கிரம் தோன்றியது பெருங்குடும்பமாகப் பெருகியிருக்கும்.

ஆக, பிறழ்வு தேவையறிந்து வருவதில்லை. 'தற்செயல்' என்று உயிரியலாளர்கள் சொல்வது இந்தப் பொருளில்தான்.

ஆனால் படிப்பவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது: எல்லாப் பிறழ்வுகளுக்கும் சமவாய்ப்பு. இதை அந்தச் சோதனை சொல்லவில்லை, வேறெந்தச் சோதனையும் சொல்லவில்லை. ஒரு பக்கம் ஈயம் வைத்துக் கனமாக்கிய பகடையும் தற்செயலாகத்தான் விழுகிறது. ஆட்டக்காரருக்கு என்ன எண் வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஆனால் ஆறு முகங்களும் சம அளவில் விழுவதில்லை. டிஎன்ஏவின் பகடை அப்படிப்பட்டது.

பகடை எங்கே கனக்கிறது

காரணங்கள் பெரும்பாலும் வேதியியல். நான்கு எழுத்துகளில் ஏ, ஜி இரண்டும் பெரிய மூலக்கூறுகள், பியூரின்கள். சி, டி இரண்டும் சிறியவை, பிரிமிடின்கள். பெரியது பெரியதாகவோ, சிறியது சிறியதாகவோ மாறுவதை டிரான்சிஷன் என்கிறார்கள். பெரியது சிறியதாகவோ சிறியது பெரியதாகவோ மாறினால் டிரான்ஸ்வெர்ஷன். எண்ணிப் பார்த்தால் டிரான்சிஷனுக்கு 4 வழிகளும் டிரான்ஸ்வெர்ஷனுக்கு 8 வழிகளும் உண்டு. சமவாய்ப்பு இருந்தால் டிரான்ஸ்வெர்ஷன் இரண்டு மடங்காக இருக்க வேண்டும். மனித மரபணுத்தொகுதியில் நிலைமை தலைகீழ்: டிரான்சிஷன்தான் சுமார் இரண்டு மடங்கு. அதாவது வழிக்கு வழி ஒப்பிட்டால் நான்கு மடங்கு சாய்வு.

இதைவிடத் தெளிவான உதாரணம் சி எழுத்துக்கு அடுத்து ஜி வரும் இடங்கள். அங்கே உள்ள சி-யின் மேல் நம் செல்கள் பெரும்பாலும் மெத்தில் என்ற சிறு வேதிக்குழுவை ஒட்டிவைக்கின்றன. சாதாரண சி தானாகச் சிதைந்தால் யுராசில் ஆகும். யுராசில் டிஎன்ஏவுக்கு உரிய எழுத்தே இல்லை என்பதால், பழுதுபார்க்கும் நொதிகள் அதை உடனே கண்டுபிடித்து அகற்றிவிடும். மெத்தில் ஒட்டிய சி சிதைந்தாலோ, நேராக டி ஆகிவிடுகிறது. டி முறையான எழுத்து. வந்தவர் அந்நியர் என்று கண்டுபிடிப்பது கடினம். எனவே பாலூட்டிகளில் இந்த இடங்கள் மற்ற இடங்களைவிடச் சுமார் பத்து மடங்கு வேகத்தில் பிறழ்கின்றன. நெடுங்காலமாக இப்படி அழிந்துவந்ததால், மனித மரபணுத்தொகுதியில் சி-ஜி ஜோடிகள் எதிர்பார்க்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கின்றன.

வேறு காரணங்களும் உண்டு. ஆக்சிஜனேற்றம் ஜி-யைக் கெடுத்து டி-யாக மாற்றுகிறது. ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடத்தில் நகலெடுக்கும் நொதி வழுக்கி, ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது.

பழைய வாதம் எங்கே தவறியது

சாய்வு இருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். அப்படியானால் பரிணாமத்தின் திசையில் அதற்குப் பங்கு இல்லை என்று ஏன் நினைத்தார்கள்? ரொனால்ட் ஃபிஷர், ஜே. பி. எஸ். ஹால்டேன் போன்ற முன்னோடிகளின் வாதம் எளிமையானது. ஒரு குறிப்பிட்ட பிறழ்வு கோடியில் ஒருவருக்கு நடக்கும் அபூர்வ நிகழ்வு. தேர்வோ ஒவ்வொரு தலைமுறையிலும் கூட்டம் முழுவதிலும் இயங்குகிறது. இரண்டும் எதிரெதிராக இழுத்தால் தேர்வே வெல்லும். எனவே பிறழ்வு மூலப்பொருளை மட்டும் தரும், திசையைத் தேர்வு தீர்மானிக்கும்.

இந்த வாதம் ஒரு சூழலில் மட்டும் சரி. போட்டியிடும் இரண்டு வடிவங்களும் ஏற்கெனவே கூட்டத்தில் இருந்தால், அவற்றின் விகிதத்தை மாற்றுவதில் பிறழ்வுக்குத் தேர்வோடு போட்டிபோடும் வலு இல்லை. ஆனால் தேவையான வடிவம் கூட்டத்தில் இன்னும் தோன்றவே இல்லையென்றால்? அப்போது யார் முதலில் தோன்றுகிறார் என்பதே பாதிக் கதை. தோன்றாத ஒன்றைத் தேர்வால் தேர்ந்தெடுக்க முடியாது. லெவ் யம்போல்ஸ்கியும் ஆர்லின் ஸ்டோல்ட்ஸ்ஃபஸும் 2001-இல் இதைக் கணித மாதிரியாக முன்வைத்தார்கள். என் பார்வையில் அந்தக் கட்டுரைக்கு உரிய கவனம் கிடைக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

ஒரு சின்னக் கணக்கு

நன்மை தரும் பிறழ்வு தோன்றிவிட்டால் மட்டும் போதாது. ஓர் உயிரியிடம் மட்டும் இருக்கும்போது அது எளிதாகத் தொலைந்துவிடும். நன்மை சிறிதாக இருக்கும்போது, அது நிலைபெறும் வாய்ப்பு ஏறத்தாழ நன்மையின் இரண்டு மடங்கு என்று ஹால்டேன் 1927-இல் காட்டினார். 1% நன்மை தரும் பிறழ்வு நிலைபெற 2% வாய்ப்பு. நூறில் 98 முறை நல்ல பிறழ்வும் வீணாகிறது.

இப்போது இரண்டு பிறழ்வுகளை எடுத்துக்கொள்வோம்.

1. முதல் பிறழ்வு 2% நன்மை தருகிறது. நிலைபெற 4% வாய்ப்பு.
2. இரண்டாம் பிறழ்வு 1% நன்மைதான் தருகிறது. நிலைபெற 2% வாய்ப்பு. ஆனால் பத்து மடங்கு அடிக்கடி தோன்றுகிறது.
3. தோன்றும் வேகத்தையும் நிலைபெறும் வாய்ப்பையும் பெருக்கினால், முதலாவதுக்கு 1 × 4 = 4. இரண்டாவதுக்கு 10 × 2 = 20.

ஆறில் ஐந்து முறை, நன்மை பாதியாக உள்ள இரண்டாவது பிறழ்வே வெல்லும். தேர்வு தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டையும் பெருக்க வேண்டும் என்பதுதான் பொருள்.

இந்தக் கணக்கு செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு: பிறழ்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக வர வேண்டும். ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரு தலைமுறையில் ஓர் எழுத்து பிறழும் வாய்ப்பு சுமார் 500 கோடியில் ஒன்று. 1 லட்சம் செல்கள் உள்ள கூட்டத்தில் ஒரு குறிப்பிட்ட எழுத்து பிறழ சராசரியாக 50,000 தலைமுறைகள் காத்திருக்க வேண்டும். அங்கே முந்திக்கொண்டவருக்கே வெற்றி. 500 கோடிக்கும் பல மடங்கு அதிகமான செல்கள் இருந்தால், எந்த எழுத்தும் ஒவ்வொரு தலைமுறையிலும் எங்கோ ஓரிடத்தில் பிறழ்ந்துகொண்டே இருக்கும். எல்லாப் போட்டியாளர்களும் களத்தில் நிற்பார்கள், சிறந்தவர் மற்றவர்களை ஒதுக்கிவிடுவார். கூட்டம் பெரிதாகப் பெரிதாகச் சாய்வின் செல்வாக்கு குறைகிறது.

ஆறு மௌன எழுத்துகள்

சாய்வின் வலிமையைக் காட்டும் சோதனைகளில் மிகச் சுத்தமானது, என் கருத்தில், 2021-இல் வெளியான சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ் பாக்டீரியா பற்றியது.

பின்னணி இது. இந்தப் பாக்டீரியா நீந்துவதற்குக் கசையிழை என்ற வால் வேண்டும். அதைக் கட்டும் பணியைத் தொடங்கிவைக்கும் முதன்மை மரபணுவை ஆய்வாளர்கள் நீக்கிவிட்டார்கள். நகர முடியாமல், சுற்றியுள்ள உணவு தீர்ந்து, பட்டினியில் விட்டார்கள். 96 மணி நேரத்துக்குள் சில பாக்டீரியாக்கள் மீண்டும் நீந்தின. நைட்ரஜன் பயன்பாட்டைக் கவனிக்கும் வேறொரு மரபணு அமைப்பு பிறழ்ந்து, காலியான அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. இது 2015-இல் வெளிவந்த முடிவு.

அப்புறம் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தபோது வியப்பான ஒன்று தெரிந்தது. 95 சதவீதத்துக்கும் மேலான முறை, அதே மரபணுவில், அதே 289-ஆவது எழுத்தில், ஏ என்பது சி-யாக மாறியது. ஆனால் நெருங்கிய உறவான இன்னொரு வகைப் பாக்டீரியாவில் அதே பட்டினி வெவ்வேறு வழிகளைத் திறந்தது. 289-ஆவது எழுத்தை அது தொடவே இல்லை.

இரண்டு வகைகளுக்கும் அந்த இடத்தைச் சுற்றி ஆறு எழுத்துகள் வேறு. ஆறும் மௌன எழுத்துகள்: அவற்றை மாற்றினாலும் உருவாகும் புரதம் மாறாது. ஆய்வாளர்கள் அந்த ஆறு எழுத்துகளை மட்டும் மாற்றிவைத்தார்கள். முதல் வகையில் 95 சதவீதமாக இருந்த ஒற்றுமை பூஜ்ஜியமானது. இரண்டாம் வகையில் பூஜ்ஜியமாக இருந்தது 80 சதவீதமானது. புரதம் மாறாததால் தேர்வின் பக்கம் பெரிதாக எதுவும் மாறியிருக்கக் காரணமில்லை. மாறியது அந்த ஒரு எழுத்து பிறழும் வேகம். டிஎன்ஏ இழை அங்கே தன்மேல் தானே மடிந்து கொண்டை ஊசி வடிவம் எடுப்பது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஏ-யிலிருந்து சி என்பது டிரான்ஸ்வெர்ஷன். பொதுவான சாய்வு அட்டவணையை வைத்துப் பார்த்தால் அரிதானது. அந்த ஓர் இடத்துக்கே உரிய சாய்வு பொதுச் சாய்வைத் தாண்டிவிட்டது. ஆகவே 'டிரான்சிஷன் அதிகம்' என்ற ஒற்றை விதியோடு நிற்பவரின் கணிப்பு இங்கே தவறியிருக்கும்.

காசநோய்க் கிருமி: இரண்டு மருந்துகள், இரண்டு பாடங்கள்

காசநோய்க் கிருமி மருந்து எதிர்ப்பு மரபணுக்களை மற்றக் கிருமிகளிடமிருந்து வாங்கிக்கொள்வதில்லை. தன் சொந்தப் பிறழ்வுகளையே நம்பியிருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்கு அது நல்ல சாட்சி.

ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிராக உலகம் முழுவதும் அதிகம் காணப்படும் பிறழ்வு, ஆர்போ-பி மரபணுவின் 450-ஆவது இடத்தில் டிசிஜி என்ற குறிச்சொல் (புரதத்தின் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதி) டிடிஜி ஆவது. சி-யிலிருந்து டி, அதாவது டிரான்சிஷன். அதே எழுத்து ஜி-யாக மாறினாலும் எதிர்ப்பு கிடைக்கும். ஆனால் அது டிரான்ஸ்வெர்ஷன், மிக அரிதாகவே காணப்படுகிறது. இங்கே சாய்வும் தேர்வும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

ஐசோனியசிட் மருந்தில் கதை வேறு. அதிகம் காணப்படுவது காட்-ஜி மரபணுவின் 315-ஆவது இடத்தில் ஏஜிசி என்பது ஏசிசி ஆவது. ஜி-யிலிருந்து சி, டிரான்ஸ்வெர்ஷன். எளிதாகத் தோன்றக்கூடிய ஏஏசி அதே இடத்தில் பின்தங்கிவிடுகிறது. காட்-ஜி புரதம்தான் ஐசோனியசிட்டைச் செயல்படும் மருந்தாக மாற்றுகிறது. அதே புரதம் கிருமியை ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்தும் காக்கிறது. ஏசிசி வடிவம் மருந்தைச் செயல்படுத்தாமல் விட்டு, காக்கும் வேலையைப் பெருமளவு தக்கவைத்துக்கொள்கிறது. அந்த நன்மை பெரிது, சாய்வை மிஞ்சிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

ஒரே கிருமியில் இரண்டு விடைகள். ஈ. கோலை, ஈஸ்ட், காசநோய்க் கிருமி மூன்றின் தகவமைப்புப் பிறழ்வுகளையும் சேர்த்து 2022-இல் ஒரு குழு ஆராய்ந்தபோது, மொத்தப் படம் பிறழ்வு வேகங்களை நெருங்கிப் பின்பற்றுவது தெரிந்தது. ஆய்வகத்துக்கு வெளியிலும் சான்றுகள் உண்டு. ஆண்டிஸ் மலையின் உயரத்தில் வாழும் ரென் குருவிகளின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றுவதற்குக் காரணமான மாற்றம், பிறழ்வு வேகம் அதிகமான ஒரு சி-ஜி இடத்தில் நடந்தது என்று 2015-இல் காட்டப்பட்டது.

திரும்ப நிகழ்வது வேறு, கணிக்க முடிவது வேறு

செய்திகளில் இவை இரண்டும் ஒன்றாகவே எழுதப்படுகின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. நன்மை தரும் பத்துப் பிறழ்வுகள் சமவாய்ப்போடு இருந்தால், தனித்தனியான இரண்டு கூட்டங்கள் ஒரே பிறழ்வைப் பெறும் வாய்ப்பு 10%.
2. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் பாதி வாய்ப்பு, மீதியை மற்ற ஒன்பதும் பகிர்ந்துகொள்கின்றன என்றால், அந்த வாய்ப்பு சுமார் 28% ஆகிறது. சாய்வு ஒற்றுமையைக் கூட்டியது.
3. தேர்வின்படி ஒரு பிறழ்வுக்கு 90%, இன்னொன்றுக்கு 10% என்று இருந்தால், ஒற்றுமை 82%. ஆனால் இரண்டாவது ஒன்பது மடங்கு வேகமாகத் தோன்றினால் இரண்டும் சமமாகி, ஒற்றுமை 50% ஆகக் குறைகிறது.

மூன்றாவது புள்ளி முக்கியமானது. சாய்வு எப்போதும் பரிணாமத்தை ஒரே பாதையில் தள்ளும் என்பதில்லை. தேர்வுக்கு எதிராக நின்றால் பாதைகளைச் சிதறடிக்கும். அப்போதும் சாய்வை அளந்து வைத்திருப்பவர் '50, 50' என்று சரியாகச் சொல்வார், அளக்காதவர் '90, 10' என்று தவறுவார். திரும்ப நிகழ்வது உயிரியின் பண்பு. கணிக்க முடிவது நம் கையில் உள்ள தகவலைப் பொறுத்தது.

நடைமுறையில் என்ன மாறுகிறது

புற்றுநோயும் உடலுக்குள் நடக்கும் பரிணாமமே. புற்றுநோய்களில் அடிக்கடி பிறழ்ந்து காணப்படும் கேராஸ் மரபணுவின் 12-ஆவது குறிச்சொல் ஜிஜிடி. புகையிலைப் புகையில் உள்ள வேதிப்பொருள்கள் ஜி-யை டி-யாக மாற்றுகின்றன. முதல் ஜி அப்படி மாறினால் டிஜிடி, அதாவது ஜி12சி என்ற வடிவம் (இத்தகைய பெயர்களில் வரும் எழுத்துகள் டிஎன்ஏ எழுத்துகள் அல்ல, அமினோ அமிலங்களின் குறியீடுகள்). புகைபிடித்தவர்களின் நுரையீரல் புற்றில் இது அதிகம். புகைபிடிக்காதவர்களிடம் நடு ஜி ஏ-யாக மாறிய ஜி12டி வடிவமே முன்னால் நிற்கிறது. ஒரே மரபணு, ஒரே குறிச்சொல், பிறழ்வின் மூலம் மட்டும் வேறு. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோடோராசிப் மருந்து ஜி12சி வடிவத்தை மட்டுமே பிடிக்கும். ஆகவே எந்தச் சாய்வு ஒரு கட்டியை உருவாக்கியது என்பது, அந்த நோயாளிக்கு எந்த மருந்து பயன்படும் என்பதோடு நேரடியாக இணைகிறது.

சாய்வே மாறவும் கூடும். மியூட்-ஒய் என்ற பழுதுபார்க்கும் மரபணு கெட்ட பாக்டீரியாவில் ஜி-யிலிருந்து டி மாற்றம் பெருகும். மியூட்-டி கெட்டால் ஏ-யிலிருந்து சி மாற்றம் பெருகும். ஒரே மருந்தைக் கொடுத்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு வழிகளில் தப்பிக்க வாய்ப்பு அதிகம்.

ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். சாய்வு இருக்கிறது என்றால் பிறழ்வுகள் உயிரிக்கு நன்மையான திசையில் வருகின்றன என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். 2022-இல் அராபிடாப்சிஸ் என்ற செடியின் முக்கிய மரபணுக்களில் பிறழ்வு குறைவாகத் தோன்றுகிறது என்று ஒரு கட்டுரை வந்தபோது, 'பிறழ்வு தற்செயல் இல்லை' என்று தலைப்புகள் பறந்தன. எண்ணப்பட்ட பிறழ்வுகளில் பல, வரிசை வாசிப்பின் பிழைகள் என்று மற்றக் குழுக்கள் பின்னர் விமர்சித்தன. அந்த முடிவு முழுவதும் நின்றாலும்கூட, அது சொல்வது இடத்துக்கு இடம் வேகம் மாறுவதை மட்டுமே. தேவையறிந்து பிறழ்வு வருகிறது என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை.

எவ்வளவு தூரம் பார்க்க முடியும்

ஒரு படி, இரண்டு படி என்றால் நன்றாகவே. பல படிகளுக்கு அப்பால் நிலைமை மாறுகிறது. ஒரு பிறழ்வின் பயன், அதற்கு முன் வந்த பிறழ்வுகளைப் பொறுத்து மாறுவதே காரணம்.

ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-இல் தொடங்கிய ஈ. கோலை சோதனையில் பன்னிரண்டு கூட்டங்கள் ஒரே சூழலில் வளர்க்கப்பட்டன. சுமார் 31,500 தலைமுறைகளுக்குப் பிறகு ஒரே ஒரு கூட்டம் மட்டும், ஆக்சிஜன் உள்ளபோதும் வளர்ப்பு ஊடகத்தில் இருந்த சிட்ரேட் என்ற வேதிப்பொருளை உண்ணக் கற்றது. உறையவைத்த பழைய மாதிரிகளை எடுத்து மீண்டும் வளர்த்தபோது, சுமார் 20,000-ஆவது தலைமுறைக்குப் பிந்தைய மாதிரிகளில்தான் அந்தத் திறன் மறுபடி தோன்றியது. அதற்கு முன் வந்து சேர்ந்த பிறழ்வுகள் வழி திறந்து வைத்திருந்தன. திறனைத் தந்த அந்தப் படி ஒற்றை எழுத்து மாற்றமாகவும் இல்லை. டிஎன்ஏவின் ஒரு துண்டு இரட்டிப்பாகி, சிட்ரேட்டை உள்ளே கொண்டுவரும் மரபணு, ஆக்சிஜன் இருக்கும்போதும் இயங்கும் ஒரு தூண்டுபகுதியின் (மரபணுவை இயக்கிவைக்கும் டிஎன்ஏ பகுதி) கீழ் வந்து அமர்ந்தது. ஒற்றை எழுத்துகள் பிறழும் வேகத்துக்கு நம்மிடம் நல்ல அட்டவணைகள் உண்டு. இத்தகைய இரட்டிப்புகளுக்கு அந்த அளவு துல்லியமான அட்டவணை இன்னும் உருவாகவில்லை.